ஜாக்குக்கு விழுந்த ஓட்டுகள்

அன்பு மகள் கயலுக்கு,

பெரியவர்கள் யாருமில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் பள்ளிப் பையன்களைப் பற்றி வில்லியம் கோல்டிங் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலை நடத்தி முடித்துவிட்டு, “நீங்கள் அந்தத் தீவில் இருந்தால் யாரைத் தலைவனாக்குவீர்கள்?” என்று உன் ஒன்பதாம் வகுப்பில் கேட்டிருக்கிறாய். ஓட்டில் ஜெயித்துத் தலைவனான ரால்ஃபை விட்டுவிட்டு, பாதிக்கு மேல் வேட்டைக்கூட்டத் தலைவன் ஜாக்குக்குக் கை தூக்கிவிட்டார்கள். “என்னப்பா இது, இத்தனை வாரம் நான் என்னதான் நடத்தினேன்?” என்று புலம்பியிருக்கிறாய். எனக்கென்னவோ பிள்ளைகள் புத்தகத்தை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்கள் என்று படுகிறது. தீவில் இருந்த பையன்களும் கடைசியில் ஜாக் பக்கம்தானே போனார்கள்? டேராடூன் பிள்ளைகள் மட்டும் வேறு மாதிரி இருப்பார்கள் என்று ஏன் எதிர்பார்க்கிறாய்?

நான் பி.ஏ. படித்த காலத்து நோட்ஸ் புத்தகத்திலேயே ஓர் அட்டவணை இருந்தது. இடது பக்கம் ரால்ஃப், சங்கு, தீ, ஒழுங்கு. வலது பக்கம் ஜாக், ஈட்டி, முகச்சாயம், காட்டுமிராண்டித்தனம். பேப்பர் திருத்துகிறவருக்கு வசதி. நீயும் அதையே போர்டில் எழுதிப் போட்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. அதை அழித்துவிடு என்றுதான் சொல்வேன். ஏனென்றால் அந்தக் கதையில் வரும் பையன்களிலேயே ஒழுங்கு மிகுந்தவன் ஜாக்தான்.

அவன் உள்ளே வரும் காட்சியைத் திரும்பப் படி. மற்ற பையன்கள் ரால்ஃப் ஊதிய சங்குச் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக, சட்டை பாதி கழன்று, காட்டிலிருந்து வந்து சேர்கிறார்கள். ஜாக்கின் பாடகர் குழு மட்டும் கடற்கரையில் இரண்டு வரிசையாக அணிவகுத்து வருகிறது. அந்த வெயிலில் கறுப்பு அங்கி, நெஞ்சில் வெள்ளிச் சிலுவை. அவன் சொல்லும்வரை யாரும் உட்காரக்கூடாது. ஒரு பையன் மயங்கி மணலில் குப்புற விழுகிறான். அவன் எப்போதும் அப்படித்தான் விழுவான் என்று ஜாக் அலட்சியமாகச் சொல்லிவிடுகிறான். விழுந்தவன் சைமன். பின்னால் முதலில் அடித்துக் கொல்லப்படப் போகிறவனும் அவனே. கோல்டிங் இதை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டார். நாம்தான் கவனிக்காமல் தாண்டிப் போகிறோம்.

அடுத்து தேர்தல். ஜாக் தலைவனாகத் தனக்கிருக்கும் தகுதி என்று எதைச் சொல்கிறான்? தான் பாடகர் குழுவின் தலைமைப் பாடகன், தலைமை மாணவன், உச்ச ஸ்வரம் தன்னால் பாட முடியும், அவ்வளவுதான். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் பள்ளிக்கூடம் அவனுக்குக் கொடுத்த பதவி அது. அந்தப் பதவி தீவிலும் செல்லும் என்று மனதார நம்புகிறான். ஓட்டு எடுக்கும்போது அவனுடைய குழு வேண்டாவெறுப்பாக, பழக்கதோஷத்தில் கை தூக்குகிறது. மற்ற எல்லாரும் ரால்ஃபுக்கு. ரால்ஃபின் கூட்டாளி பிக்கிகூட ஒரு கணம் தயங்கித்தான் ரால்ஃபுக்குக் கை தூக்குகிறான், அதையும் பார்த்து வை.

இரண்டாவது அத்தியாயத்தில் சட்டம் வேண்டும், நிறையச் சட்டம் வேண்டும் என்று குதிக்கிறவன் யார்? ஜாக். சட்டத்தை மீறுகிறவனுக்குக் கிடைக்கப்போகும் அடியை நினைத்துத்தான் அவனுக்கு அந்த உற்சாகம். நாம் காட்டுமிராண்டிகள் இல்லை, ஆங்கிலேயர்கள், எதிலும் சிறந்தவர்கள் என்று சொல்வதும் அவனே. பிறகு தனிக்கூட்டம் சேர்த்துக்கொண்டு பாறைக்கோட்டைக்குப் போன பிறகு என்ன நடக்கிறது? நுழைவாயிலில் காவல் போடுகிறான். உள்ளே வருகிறவன் நின்று பெயர் சொல்ல வேண்டும். தலைவர் பேசும்போது மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. பன்றி வேட்டைக்கு ஆள் பிரித்து அனுப்புகிறான், வேலை நடக்கிறது. ரால்ஃபின் கரையில் இதில் பாதிகூட நடக்கவில்லை, பாவம்.

அப்படியென்றால் இருவருக்கும் என்னதான் வித்தியாசம்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ரால்ஃபின் ஒழுங்கில் காரணம் கேட்கலாம். சங்கு கையில் வந்தால் ஆறு வயதுப் பொடியனும் எழுந்து நின்று, பாம்பு மாதிரி ஏதோ பார்த்தேன், பயமாயிருக்கிறது என்று சொல்லலாம். சிரிப்பார்கள்தான், இருந்தாலும் கேட்பார்கள். ஜாக்கின் ஒழுங்கில் கேட்க முடியாது. பத்தாவது அத்தியாயத்தில் வில்ஃப்ரெட் என்று ஒரு பையனைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், தலைவர் அடிக்கப்போகிறார். எதற்கு என்று ஜாக் கூட்டத்து ரோஜர் கேட்கிறான். தெரியாது, தலைவர் சொல்லவில்லை என்று பதில் வருகிறது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோகிறது. நாவலில் என்னை மிகவும் பயமுறுத்திய இடம் அதுதான். கம்பில் குத்தி வைத்த பன்றித் தலையும் அதை மொய்க்கும் ஈக்களும் அவ்வளவு பயமுறுத்தவில்லை.

உன் பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் நிறுத்து. யாருக்கு ஓட்டு என்று இப்போது கேட்காதே. வில்ஃப்ரெட் என்ன செய்திருப்பான் என்று மட்டும் கேள். ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடித்துச் சொல்வார்கள் பார். அடி விழுகிறது என்றால் தப்பு ஏதாவது செய்திருப்பான் என்று நம்புவதில்தான் ஜாக்கின் ஆட்சி ஓடுகிறது.

சரி, ரால்ஃப் ஏன் தோற்றான்? இதற்கு எனக்கு இலக்கியம் தேவைப்படவில்லை. பேங்க்கில் பல வருடம் கிளைச் சங்கச் செயலாளராக இருந்தவன் நான். மூன்றாவது அத்தியாயத்தில் குடிசை கட்டிக்கொண்டே ரால்ஃப் ஜாக்கிடம் அலுத்துக்கொள்கிறானே, நமக்குக் கூட்டம் போடுவதென்றால் கொள்ளைப் பிரியம், எல்லாரும் ஓடி வந்து பெரிய மனுஷத்தனமாக உட்காருவார்கள், முடிந்ததும் ஐந்து நிமிஷம் வேலை செய்துவிட்டு ஆளைக் காணோம் என்று. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். மறுநாள் காலை நோட்டீஸ் ஒட்டப் பசை வாளியோடு நிற்கிறவர்கள் நானும் இன்னொருவரும். ரால்ஃபுக்கு அந்த இன்னொருவன் சைமன். மூன்று குடிசையில் இரண்டு ஆடிக்கொண்டு நிற்கிறது, மூன்றாவது சரிந்து விழுகிறது. சிரட்டையில் குடிதண்ணீர் பிடித்து வைப்பது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஐந்தாவது அத்தியாயத்தில் பார்த்தால் சிரட்டை காலி.

இதில் ரால்ஃபைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவன் கொடுக்க முடிந்தது மலையுச்சியில் ஒரு புகை. என்றோ வரப்போகும் கப்பலுக்காக இன்று விறகு சுமக்க வேண்டும். ஜாக் கொடுப்பது இன்றைக்கே இறைச்சி, கூடவே ஓர் ஆட்டம். அதோடு, தீவில் இருப்பதாகப் பையன்கள் பயப்படும் மிருகம் வேறு. அந்த மிருகத்தைப் பற்றி அவன் மாற்றி மாற்றிப் பேசுவான். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பான், இருந்தால் வேட்டையாடிக் கொல்வோம் என்பான், பன்றித் தலையைக் காணிக்கையாக வைத்தால் நம்மை விட்டுவிடும் என்பான், கொன்ற பிறகும் அது வேறு உருவத்தில் வரும் என்பான். இதில் எதுவும் எதனோடும் ஒட்டாது. அவன் கூட்டத்தில் யாரும் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ரால்ஃப் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஜெயித்த கையோடு தோற்றவனைச் சமாதானப்படுத்த, பாடகர் குழு உன்னுடையதே என்று கொடுத்துவிடுகிறான். ஜாக் அவர்களை வேட்டைக்காரர்கள் ஆக்கிக்கொள்கிறான். ஆயுதம் முழுக்க எதிராளியிடம், ஓட்டு முழுக்க இவனிடம். நல்ல மனசில் செய்ததுதான். இதே பெருந்தன்மையைப் பல சங்கங்களில் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்ல வேண்டாம்.

எட்டாவது அத்தியாயத்தை மெதுவாக நடத்து. ரால்ஃப் தலைவனாக இருக்கக்கூடாது என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள் என்கிறான் ஜாக். ஒரு கைகூட எழவில்லை. இனி உங்களோடு விளையாட மாட்டேன் என்று கண்ணில் நீர் முட்ட, தனியாகப் போய்விடுகிறான். அதோடு ரால்ஃப் ஜெயித்துவிட்டான் என்றுதான் நினைப்போம். பிறகு ஒவ்வொருவராக, யாரிடமும் சொல்லாமல், பெரிய பையன்கள் நழுவிப் போய் அவனோடு சேர்ந்துகொள்கிறார்கள். நாலு பேர் பார்க்கக் கை தூக்க வெட்கப்பட்டவர்களுக்கு நழுவிப் போக வெட்கமில்லை. உன் வகுப்பிலும் ரால்ஃபுக்குக் கை தூக்கிய மீதிப் பேரை அவ்வளவு நம்பிவிடாதே!

ஜாக் போடும் விருந்துக் காட்சியில் மழை வரப்போகிறது, உங்களுக்குக் குடிசை எங்கே என்று ரால்ஃப் கேட்கிறான். நியாயமான கேள்வி. ஜாக்கிடம் பதில் இல்லை. ஆடுங்கள் என்று உத்தரவு போடுகிறான். அந்த ஆட்டத்துக்கு நடுவில்தான் சைமன் வந்து மாட்டுகிறான். அந்த வட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும்கூட இருந்தார்கள். மறுநாள் அது கொலை என்று ரால்ஃப் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அறிவாளி பிக்கிதான் விபத்து, விபத்து என்று மழுப்புகிறான். உன் அட்டவணையில் இதை எந்தப் பக்கம் எழுதுவாய்?

ரோஜரையும் விடாதே. நாலாவது அத்தியாயத்தில் அவன் ஒரு சின்னப் பையன் மேல் கல் எறிகிறான், வேண்டுமென்றே குறி தப்பும்படி. அந்தச் சின்னவனைச் சுற்றி ஓர் ஆறு கஜத்துக்குள் எறியக் கை வரவில்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே நிற்கின்றன. அவனே பிறகு பிக்கி மேல் பாறையை உருட்டிவிடுகிறான். சங்கும் சேர்ந்து நொறுங்குகிறது. இடையில் அவனுக்கு நடந்தது ஒன்றுதான்: வில்ஃப்ரெட்டைக் காரணமில்லாமல் அடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

வகுப்பில் எவனாவது டோங்கா கதையைக் கொண்டுவருவான், தயாராக இரு. 1965இல் பசிபிக் தீவு நாடான டோங்காவின் தலைநகர் நுகுஅலோபாவில் ஒரு பள்ளிப் பையன்கள் ஆறு பேர் ஒரு படகைத் திருடிக்கொண்டு கிளம்பி, புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். சுமார் 15 மாதம் அங்கேயே. 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் கண்டுபிடித்தபோது எல்லாரும் நன்றாக இருந்தார்கள். தீயை அணையவிடவில்லை. ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டு அவன் வேலையையும் பார்த்தார்கள். சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறிவிட்டு வருவது வழக்கமாம். இதைச் சொல்லிக் கோல்டிங் பொய் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆறு பேரும் சேர்ந்து ஓடிவந்த கூட்டாளிகள். அணிவகுத்து வந்த குழு ஒன்று அவர்களுக்குள் இல்லை, ஒருவன் சொன்னால் வெயிலில் நிற்கும் பழக்கத்தோடு யாரும் வந்து இறங்கவில்லை. கோல்டிங்கின் பையன்கள் அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலிருந்தே கொண்டுவந்தவர்கள்.

கோல்டிங்குக்கு அது நன்றாகத் தெரியும். சாலிஸ்பரியில் பையன்கள் பள்ளியில் வாத்தியார். அதற்கு நடுவில் இரண்டாம் உலகப் போரில் கடற்படை. 1944இல் நார்மண்டியில் படை இறங்கியபோது ராக்கெட் ஏவும் கலம் ஒன்றுக்குத் தலைமை. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி 1954இல் புத்தகமானது. கடைசிப் பக்கத்தில் பையன்களைக் காப்பாற்ற வருகிறவர் யார் என்று பார். வெள்ளைச் சீருடை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, பின்னால் போர்க்கப்பல். பிரிட்டிஷ் பையன்கள் இதைவிட நன்றாக நடந்துகொண்டிருக்கலாமே என்று குறைபட்டுக்கொள்கிறார். ஜாக் வளர்ந்து பதவி உயர்வு பெற்றால் எப்படி இருப்பான் என்று எனக்குத் தோன்றிற்று. நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒன்பதாம் வகுப்புதானே.

வரும் வாரம் தேர்தலைத் திரும்ப நடத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். நடத்து, ஆனால் சீட்டு எழுதிப் போடச் சொல். போன தடவைக்கும் இதற்கும் எத்தனை ஓட்டு மாறுகிறது என்று எனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். வில்ஃப்ரெட் கேள்விக்கு வந்த பதில்களையும் அப்படியே எழுதி அனுப்பு. அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் பார்சல் போட்டிருக்கிறாள், ஹாஸ்டலில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா
மதுரை