'பியூட்டிஃபுல் பாய்' அரைச்ச மாவையே அரைக்குதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2018ல வந்த 'பியூட்டிஃபுல் பாய்' படத்த நான் ரொம்ப லேட்டாத்தான் பாத்தேன், பாத்துட்டு அப்ப வந்த விமர்சனங்களையும் தேடிப் படிச்சேன். நடிப்ப எல்லாரும் பாராட்டியிருக்காங்க, மகனா வர்ற டிமத்தி ஷாலமேக்கு கோல்டன் குளோப், பாஃப்டா ரெண்டுலயும் துணை நடிகர் பரிந்துரை கெடச்சுது, ஆஸ்கார்தான் கண்டுக்கல. ஆனா பலபேர் சொன்ன குறை, போதைக்கு அடிமையான பையன் ரீஹேப் (மறுவாழ்வு நிலையம்) போறான், தேறுறான், திரும்ப விழுறான், மறுபடியும் ரீஹேப், கதை நகரவே இல்லையாம், அரைச்ச மாவையே அரைக்குதாம்.

அட, அந்த நோயே அப்படித்தானே! இது கற்பனைக் கதையும் இல்ல. அப்பா டேவிட் ஷெஃப், மகன் நிக் ஷெஃப், ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுன புத்தகங்கள வச்சு எடுத்தது. ஒரே தடவையில திருந்தி கிளைமாக்ஸ்ல கட்டிப்பிடிச்சு அழுதிருந்தா இதே ஆளுங்க சினிமாத்தனம்னு எழுதியிருப்பாங்க. பையன் சொந்த வீட்டுக்குள்ளயே திருட்டுத்தனமா புகுந்துட்டு காதலியோட கார்ல தப்பிச்சு ஓடுறான், அப்பாவோட ரெண்டாவது மனைவியான சின்னம்மா வேன எடுத்துக்கிட்டு அழுதுகிட்டே துரத்துறாங்க, பாதி வழியில அப்படியே நிறுத்திடுறாங்க. வசனமே கிடையாது. திரும்பத் திரும்ப நடந்ததையெல்லாம் பாத்த பிறகுதான் அவங்க ஏன் நிறுத்துனாங்கன்னு நமக்குப் புரியுது.

எனக்குப் படத்துல குறையாப் பட்டது வேற. காசு. அடுத்தடுத்து ரீஹேப்ல சேக்குறாங்க, பில் கட்ட அந்த அப்பா பெருசா திண்டாடுன மாதிரியே தெரியல. அதோட எங்க சேக்கணும்னு முடிவு பண்றது பெத்தவங்க. நம்ம சிங்கப்பூர்ல அப்படியா? சிறுநீர் சோதனையில மாட்டுனா டிஆர்சிக்கு (அரசாங்கத்தோட போதை மறுவாழ்வு நிலையம்) அனுப்புறதா வேண்டாமான்னு அதிகாரிங்கதான் முடிவு பண்ணுவாங்க, வெளிய வந்த பிறகும் அஞ்சு வருஷம் வரைக்கும் கண்காணிப்பு இருக்கலாம். பெத்தவங்க கையில எதுவும் இல்ல, அந்தத் தவிப்பு இந்தப் படத்துல கிடைக்காது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, மகன் உள்ள இருந்த காலம் பூரா பெர்த்ல படிக்கிறான்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. சிராங்கூன் ரோடு கோயில்ல ஒருத்தவங்க லீவுக்குக் கூட வரலியான்னு கேட்டதுக்கு, டிக்கெட் வெலை ஏறிப்போச்சுங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, பக்கத்துல நின்ன எனக்குத்தான் எங்க பாக்குறதுன்னு தெரியல.

படத்துல அந்தப் பையன் எடுக்கிறது நம்ம ஊர்ல ஐஸ்னு சொல்ற மெத், இங்கயும் ரொம்ப வருஷமா அதிகமா புழங்குறது அதுதான். ஆனா ஊசி, பவுடர்னு திரையில பாத்துட்டு நம்ம வீட்டுக்கு இதெல்லாம் வராதுன்னு நெனச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு, ஏன்னா இப்ப ஸ்கூல் பிள்ளைங்க கையில இருக்கிறது கேபாட், அதாவது போதைமருந்து கலந்த வேப் (மின்சிகரெட்). அதுல கலக்குற எட்டோமிடேட்ங்கிற மயக்க மருந்த 2025 செப்டம்பர் 1ல சி பிரிவு போதைப்பொருளாவே சேத்தாங்க. வேப் 2018லேர்ந்தே வச்சிருந்தாலே குத்தம், அதையே இன்னும் பலபேர் வீட்ல விளையாட்டாத்தான் எடுத்துக்குறாங்க.

ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் படம் அடுத்து வரும்போது சினிமா நிருபர் எழுதுறதோட, டிஆர்சில வேலை பாத்த கவுன்சிலர் ஒருத்தரையோ, பிள்ளைய அங்க அனுப்புன ஒரு அம்மாவையோ பக்கத்துலயே விமர்சனம் எழுதச் சொல்லுங்க. பேர் போட வேண்டாம்னு கேட்டா போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்