பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்கு,

கரண்ட் நேற்றிரவுதான் வந்தது. ஃபோனில் சார்ஜ் ஏறியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்பதை எல்லோரும் பார்த்தாயிற்று. அதை மறுபடி சொல்லத் தெம்பில்லை.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து மரம் அறுக்கும் மெஷினோடு வந்த அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா அதுவரை யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புக்கு முதுகைக் காட்டித் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அண்ணன் நேரே உள்ளே போய் அறுக்க ஆரம்பித்திருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டோம். ஆனால் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "எந்த மரத்துலிருந்து ஆரம்பிக்கலாமுங்க ஐயா?" என்று கேட்டார்.

அப்பா எழுந்து போனார். இது காய் சிறுசு, பருப்பு கெட்டி. இது ஒரு வருஷம் காய்த்தால் ஒரு வருஷம் ஏமாற்றும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார். அவரும் தென்னை வைத்திருப்பவர் போல, அவசரப்படாமல் கேட்டுக்கொண்டு வந்தார். முற்றிய மரங்களின் அடித்துண்டை விறகாக்காமல், மாட்டுக்கொட்டகைக்குச் சட்டம் ஆகும் என்று நீளவாக்கில் அறுத்துக் கொடுத்தார். கொண்டையில் மட்டைகளைச் சீவி, வெள்ளைக் குருத்தை எடுத்துப் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுத்தார். குருத்தை எடுத்தால் மரம் போய்விடும் என்பதால் தோப்பு வைத்திருப்பவன் அதில் கை வைக்க மாட்டான். அப்பாவும் ஒரு துண்டு வாங்கித் தின்றார். "இனிப்பாத்தான் இருக்கு" என்றார்.

கூலி வேண்டாம் என்றவர் பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அதை வாங்கிக்கொண்டதற்கும் நன்றி அண்ணா. வெறுங்கையோடு போயிருந்தால் அப்பாவுக்குத் தாங்கியிருக்காது.

அப்புறம், வண்டி போகாத வயல் சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்துபோய் நட்ட வெளிமாவட்ட மின்வாரியத் தொழிலாளர்கள், ஆகஸ்டில் வெள்ளத்தில் தவித்த கையோடு எங்களுக்காக வந்த கேரளத்து ஊழியர்கள், தண்ணீர் லாரி, தார்ப்பாய், மெழுகுவத்தி அனுப்பியவர்கள், காலேஜ் பிள்ளைகள் — தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அரசு அறிவித்த மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது; நன்றி மடலில் வேண்டாம்.

புதிதாக வைக்கும் கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை ஊடுபயிரோ கூலி வேலையோ பார்த்துக்கொள்வோம். ஊர்ப் பையன்கள் காசு போட்டு ஒரு மெஷின் வாங்குவதாக முடிவாகியிருக்கிறது. இனி எந்த ஊரில் காற்றடித்து மரம் சாய்ந்தாலும் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். பெட்ரோல் காசு மட்டும் கேட்போம்.