தென்பெண்ணையின் நுரையில் அடுக்ககங்களின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியது பற்றிய தங்கள் செய்தி, ஆலைக் கழிவே அதற்குக் காரணம் என்பதோடு முடிந்துவிட்டது. ஆலைகளுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெங்களூரின் வர்த்தூர்ப் பகுதியில் அடுக்ககத்தில் குடியிருப்பவன் என்ற முறையில், எங்கள் வீடுகளின் பங்கையும் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றிய பெல்லந்தூர் ஏரியின் நீர், வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலைச் சேர்கிறது. சலவைத் தூளிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் உள்ள நுரைப்பொருள்கள் சிதையாமல் ஏரிக்கு வந்துவிட்டால், மதகில் நீர் விழுந்து காற்றோடு கலக்கும்போது நுரையாகப் பொங்குகின்றன.

அவை சிதைய வேண்டிய இடம் எங்கள் அடித்தளத்தில் இருக்கும் எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அங்கே உண்மையான வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். தொட்டிக்குள் ப்ளோயர் இடைவிடாமல் காற்றைச் செலுத்தினால்தான் அவை உயிர்வாழும். நிலையத்தின் மின்செலவில் பெரும்பகுதி அந்த ப்ளோயருக்கே போவதால், செலவைக் குறைக்க நினைப்பவர்களின் கை முதலில் அதன் மீதே விழுகிறது. நான் முன்பு வாடகைக்கு இருந்த ஒரு குடியிருப்பில் இரவு முழுவதும் ப்ளோயரை நிறுத்தி வைத்தார்கள். நுண்ணுயிர்கள் திரண்டிருக்கும் சேறு கறுத்து நாற்றமடித்தது, அரைகுறையாகச் சுத்தமான நீர் பக்கத்து ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாயில் விடப்பட்டது. ஆனாலும் ஆய்வறிக்கையில், நீரில் மிஞ்சியிருக்கும் கரிம அழுக்கைக் காட்டும் பி.ஓ.டி. அளவு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்புக்குள்ளேயே இருந்துவந்தது. எப்போதோ ஒரு பகல் வேளையில் எடுக்கும் ஒரு புட்டி நீர் இரவில் நடப்பதைக் காட்டாது.

ஆகவே நான் கேட்பது எளிது. ப்ளோயருக்குத் தனி மின்மீட்டர் பொருத்தி, அதன் அளவை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஓடாத ப்ளோயரை ஓடியதாக எழுதிக்கொள்ள அதன்பின் இடமிருக்காது. காற்றுத் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றி 30 நிமிடம் அசையாமல் வைத்தால் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கிறதா என்பதை எந்தக் குடியிருப்பாளரும் நேரில் பார்க்கலாம். கண்ணாடிக் குடுவைக்கு ஆகும் செலவு அற்பம்.

நிலையத்தை இயக்கும் தொழிலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் தனியாக வேலை செய்பவர். மூடிய தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு நொடிகளில் உயிரைப் பறிக்கும். தக்க பாதுகாப்பின்றி எவரையும் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும், பல குடியிருப்போர் சங்கங்களின் ஒப்பந்தத் தாள்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்து பெங்களூரில் குடியேறிய தமிழர்கள் ஏராளம். நாம் இங்கே கழுவி விடுவது நம் உறவினர்களின் வயலுக்கே போய்ச் சேர்கிறது. எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் தனி மீட்டர் கோரும் தீர்மானத்தை முன்வைக்க இருக்கிறேன். தங்கள் பெங்களூரு வாசகர்களும் அவரவர் சங்கங்களில் இதைக் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வர்த்தூர் வாசகர், பெங்களூரு