வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில தோட்டம் போடப்போற அம்மிணிக்கு

அம்மிணி, நல்லாருக்கியா சாமி, மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியமா? போன் பண்ணுனா மீட்டிங்குன்னு பாதியில வெச்சுடற, அதுக்கோசரந்தான் உக்காந்து டைப் பண்றேன், எழுத்து முன்னப்பின்ன இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்க.

மேட்டுப்பாத்தி போடறதுக்குன்னு நீ அனுப்புன அந்த மரப்பெட்டி போட்டோவ உங்கய்யனும் பாத்தாரு, வெலையக் கேட்டுட்டு இதுக்கு ஒரு வெள்ளாட்டுக்குட்டி புடிச்சுக் கட்டலாமேன்னாரு. மரமே வேண்டாம் அம்மிணி, மண்ணு ஈரத்தோட தொட்டுட்டே இருந்தா நம்மூரு கரையான் சும்மா உடுமா. ஹாலோ பிளாக் போதும், நாலு இஞ்ச் கல்லு, 16 இஞ்ச் நீளம் 8 இஞ்ச் ஒசரம் வரும், சிமெண்ட் பூசாம சும்மா அடுக்குனாலே நிக்கும். எட்டடி நீளம் நாலடி அகலத்துக்கு ஒரு வரிசைக்கு உத்தேசமா 18 கல்லு, ரெண்டு வரிசை ஏத்திக்க. நாலடிக்கு மேல அகலம் வேண்டாம், ரெண்டு பக்கமும் நின்னு கைய நீட்டுனா நடுப்பாத்தி எட்டோணும், மண்ணுக்குள்ள காலு வெச்சு மிதிச்சா அப்பறம் மேட்டுப்பாத்தி போட்டு என்ன பிரயோஜனம். காம்பவுண்டு செவுத்த ஒட்டிப் போடறதா இருந்தா ரெண்டடிதான். மொட்டை மாடி ஐடியாவ உட்டுடு, ஈர மண்ணு என்ன கனம் கனக்கும்னு தெரியாமப் பேசறாங்க வீடியோவுல.

மேட்டுப்பாத்தின்னு நீ கேட்டது நல்லதாப் போச்சு, ஏன்னா உன்ற பொடக்காளியில வீடு கட்டுனவங்க ஜல்லியும் சிமெண்டுக் கழிவும் கொட்டி மேல ஒரு சாண் மண்ணத் தூவிட்டுப் போயிருக்காங்க, அதுல கடப்பாறை எறங்கறதே கஷ்டம், வேரு எங்க எறங்கும். ஒரு நா லீவுல காலையில இருந்து பொழுதுக்கும் பாரு, தண்ணித் தொட்டி நெழலு எங்கெங்க விழுதுன்னு. ஆறு மணி நேரமாச்சும் வெய்யலு விழுகற எடத்துல கல்ல அடுக்கு, கீரைக்கு கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல, தக்காளி மொளகாய்க்கு ஆகாது.

காச மண்ணுல போடு, பெட்டியில போடாத. கடையில பாக்கெட்ல விக்கற பாட்டிங் மிக்ஸ் வாங்கி இத்தாப்பெரிய பாத்திய ரொப்புனா உன்ற சம்பளம் பத்தாது. அடியில தேங்கா மட்டைய, குழிஞ்ச பக்கம் மேல பாத்தாப்புல நெருக்கி அடுக்கு, தென்னந்தோப்புல பொதைக்கற மாதிரியே, அது தண்ணியக் குடிச்சு வெச்சுக்கும். அதுக்கு மேல செம்மண்ணு ஒரு பங்கு, மக்குன சாணி ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. மண்ணு கால் யூனிட் எறக்குனாலே மிச்சமாகும், ஒரு யூனிட்டுங்கறது 100 கன அடி, லாரிக்காரன் முழு லோடுதான் வரும்னு பேசுவான், பக்கத்து வீட்டுல யாராச்சும் கேட்டுப் பங்கு போட்டுக்க. நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கம் இருந்து கட்டி கட்டியா வரும், 5 கிலோ கட்டி ஒண்ண டப்புல போட்டுத் தண்ணி ஊத்துனா பொங்கி ரொம்பி வழியும், ஆனா அப்படியே போட்டுடாத, உப்பு இருக்கும், ரெண்டு மூணு தண்ணியில அலசிப் புழிஞ்சுட்டுத்தான் கலக்கோணும்.

கோழி எரு சீப்பாக் கெடைக்குதுன்னு மாப்பிள்ளை சொன்னாராமா, நாமக்கல் பல்லடம் பக்கத்துப் பச்சைக் கோழி எருவ நேராப் போட்டா வேரு வெந்து போயிரும், அது ஆறி மக்க மாசக்கணக்கா ஆகும். சாணியும் அப்படித்தான், கையில எடுத்தா உதிரோணும், சாணி வாசமே அடிக்கக் கூடாது, மண்ணு வாசந்தான் அடிக்கோணும். குப்பையக் கிளறறப்ப வெள்ளையா, கட்டைவெரல் தண்டியில, தலை மட்டும் செவப்பா, சுருண்டு கெடக்கும் பாரு ஒரு புழு, தென்னைமரத்தக் கெடுக்கற காண்டாமிருக வண்டோட குஞ்சு அது, பாப்பா பயந்துக்குவா. நம்ம எருக்குழியில எடுத்து நானே சல்லடையில சலிச்சுத் தர்றேன்.

முதல் பட்டத்துக்கு, அதான் முதல் வெதைப்புக்கு, கீரை மட்டும் போடு அம்மிணி. நீ அனுப்புன லிஸ்ட்ல ப்ரோக்கோலி, லெட்யூஸ், ஸ்ட்ராபெர்ரின்னு என்னென்னமோ இருக்குது, ஊட்டியில வெளையறத கோயமுத்தூரு சரவணம்பட்டி வெய்யல்ல வெச்சு எதுக்கு மல்லுக்கட்டறது. சிறுகீரை 25 நாள்ல புடுங்கிரலாம், அரைக்கீரை ஒருக்கா வெதைச்சா அறுக்க அறுக்கத் தழைஞ்சுட்டே இருக்கும். வெதை பொடிசு, மணல்ல கலந்து தூவு, இல்லீன்னா ஒரே எடத்துல விழுந்துரும். எறும்பு ஒண்ணொண்ணாத் தூக்கிட்டுப் போயிரும், அதுக்கு பாத்தி ஓரத்துல ஒரு கை ரவை எறைச்சுடு, அதைத் தூக்கறதுக்குள்ள வெதை மொளைச்சுரும். மயிலு உங்க பக்கம் வருதா? இங்க மொளைச்சதும் கொத்திட்டுப் போயிருது, துரத்தவும் முடியல ஒண்ணுஞ்செய்யவும் முடியல, முருகன் வாகனமாச்சேன்னு உங்கய்யன் வேற. வலையொண்ணு வாங்கி வெச்சுக்க.

கொத்தமல்லி வெதைய முழுசாப் போடாத, செருப்புல லேசாத் தேச்சு ரெண்டாப் பொளந்து போடு, வாரம் பத்து நாள் ஆகும் மொளைக்க, வெய்யக் காலத்துல போட்டா தழைக்காம பூவுக்குப் போயிரும். புதினாவ பாத்திக்குள்ள உடாத, கடையில வாங்குன கட்டுல தழைய ஆஞ்சுட்டு தண்ட மட்டும் தனித் தொட்டியில ஊனு, இல்லீன்னா வேற எதையும் வாழ உடாது. கறிவேப்பிலை மரமாகற சாமான், அது தரையிலதான், ஜல்லியத் தோண்டி ஒரு குழி எடுக்கச் சொல்லு. கற்பூரவல்லி ஒரு குச்சி ஒடிச்சு வெச்சாப் போதும், பாப்பாவுக்கு சளி புடிச்சா ஒதவும். சுக்குட்டிக்கீரை, அதான் மணத்தக்காளி, நீ போடவே வேண்டாம், குருவி எச்சத்துல தானா வரும், களைன்னு நெனச்சுப் புடுங்கிப் போட்டுறாத.

ஆடியில காத்து என்ன வேகத்துல அடிக்கும்னு உனக்கே தெரியும், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, மேட்டுப்பாத்திய மத்தியானத்துக்குள்ள காய வெச்சுரும். மேல வைக்கோலோ காஞ்ச எலையோ மூடாக்குப் போடு. போர் தண்ணி உப்பா இருந்தா மேல வெள்ளையா பூத்துக்கும், முடிஞ்ச வரைக்கும் குழாத் தண்ணியவே ஊத்து.

தைப்பட்டத்துல தக்காளிக்குப் போ, பிகேஎம் 1ங்கற ரகத்து வெதை லாலி ரோடு அக்ரி யுனிவர்சிட்டியில கேட்டுப் பாரு. ஓரத்துல நாலு செண்டுமல்லி வெச்சுடு, காய்ப்புழுவோட தாய்ப்பூச்சி தக்காளிய உட்டுட்டு அதுக்குப் போயிரும். மாவுப்பூச்சி வந்தா வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணி, துளி சோப்பு, சாயங்காலமா அடி. சாணி, கோமியம், பால், தயிர், நெய்யெல்லாம் கலந்து ஊற வெக்கற பஞ்சகவ்யா நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்புனது, உங்கய்யன் ஒரு கேன் போட்டு வெச்சிருக்காரு, 10 லிட்டருக்கு 300 மில்லி கலந்து தெளிச்சாப் போதும், ஜாஸ்தி ஊத்துனா ஜாஸ்தி வளரும்னு மாப்பிள்ளை ஊத்திரப் போறாரு. வாசத்துக்கு அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்களோ, அத நீ பாத்துக்க.

கல்லு எறக்கறதுக்கு மொதல்லயே கூலி பேசிரு. எரு மூணு சாக்கு, கீரை வெதை, பஞ்சகவ்யா கேன் எல்லாம் ஞாயித்துக்கெழமை காலையில உடுமலை பஸ்ஸுல போட்டு உடறோம், உக்கடத்துல கார எடுத்துட்டு வரச் சொல்லு, பைக்குல வந்துறப் போறாரு. கேன நிமித்தியே வெக்கோணும், மூடி லூசு.

அம்மா