போன் எடுக்காத மகளுக்கு

கோத்தகிரி

அன்புள்ள கண்ணு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன் எடுக்காததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, வேலை இருக்கும். நீ ஒரு வாரமாக ஆபீஸ் போகவில்லை என்று தம்பிதான் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே.

இங்கே வெயில் எட்டிப் பார்த்தே நாளாகிறது. தேயிலையில் கொப்புள நோய். கொழுந்தைத் திருப்பினால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் புடைத்திருக்கிறது. கீழ்த்தோட்டம் என்று பேச்செடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார்.

போன தடவை உன் பருவநிலை மாற்ற வேலையைப் பற்றிக் கேட்டபோது, "எந்த நாடும் கேட்காதும்மா, பேசி என்ன பிரயோஜனம்" என்றாயே, அந்தக் குரல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 2009 நவம்பரில் நம் மலை சரிந்து எத்தனை பேர் போனார்கள்! அடுத்த மாதமே கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், 2020-க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். 2022-ல்தான் அந்தத் தொகை சேர்ந்தது, அதிலும் பெரும்பகுதி கடன். கோபம் வரத்தான் செய்யும். எனக்கே வருகிறது.

ஆனால் கண்ணு, ஓசோன் பாடம் நான் எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன். ஓசோனை அரிக்கும் வாயுக்களை நிறுத்தும் ஒப்பந்தம் 1987-ல் மான்ட்ரியலில் கையெழுத்தானபோது நம் நாடு சேரவில்லை. 1990-ல் ஏழை நாடுகளுக்குத் தனி நிதி வைத்த பிறகு, 1992-ல் சேர்ந்தது. இன்று சேராத நாடே இல்லை. ஓட்டையும் மெல்ல ஆறி வருகிறது. நிலக்கரியும் பெட்ரோலும் அதைவிடப் பெரிய சங்கதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோலாரும் மலிவாகிவிட்டதே.

2024 மே மாதம் கோர்ட் உத்தரவில், மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது லாட்ஜ் மாமா எவ்வளவு குதித்தார்! இத்தனை வண்டியை மலை தாங்காது என்று அவருக்குத் தெரியாதா? சீசன் வருமானம் போனால் யார் சோறு போடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு வழி சொல்லாமல் யாருக்கும் பாடம் எடுத்துப் பயனில்லை. நீ எழுதும் அறிக்கையில் அதை முதலில் எழுது.

என் மகள் உலகத்துக்காக வாதாடுகிறாள் என்று அப்பா பஸ் ஸ்டாண்டு வரை சொல்லி வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு போன் போட உனக்கு நேரமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண்விழிக்காதே. சாப்பிடு.

லீவு போட்டு வா. கோயம்புத்தூரில் டாக்ஸி பிடித்தால் இ-பாஸ் கேட்பார்கள். தேதியை மட்டும் சொல், தம்பி எடுத்து வைப்பான்.

அம்மா