பத்து நிமிஷ ஃபெரி

டேய் மொட்டை,

உன் நாலு மெசேஜுக்கும் பதில் போடாதவன் திடீரென்று கடிதம் எழுதுகிறானே என்று பயப்படாதே, கடன் கேட்கவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி? சப்பாத்திக்குப் பெண் குழந்தையாமே, அவன் மூக்கு வராமல் இருந்தால் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போனதிலிருந்து நான் வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. வேலை விட்டு வந்தால் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்ப்பேன், என் மனைவி ஏதாவது கேட்டால் ‘ம்’, ‘பார்க்கலாம்’. ஒரு வருஷத்துக்கும் மேலாக இந்த இரண்டு வார்த்தையிலேயே குடும்பம் ஓடியது. அப்புறம் அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது, உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போன மாதம் தனியாக கிராப் டாக்சி பிடித்துப் போய் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். மேசையில் கிடந்த ரசீதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். பயப்படும்படி ஒன்றும் இல்லையாம், ஆனால் அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மன்னிப்பு கேட்க பினாங்கு வரைக்கும் போகணுமா என்று சிரிப்பாய். பினாங்குத் தீவுக்குப் போகிற ஃபெரிக்கு இக்கரை பட்டர்வொர்த்தில் மட்டும் காசு, திரும்பி வர இலவசம் என்று படிக்கிற காலத்தில் அவளையும் இழுத்துக்கொண்டு சும்மா போய் வருவோமே, அந்த மேல்தட்டுக் காற்றில் இருபது நிமிஷம் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறி நாலு மணி நேரமும் மனசுக்குள் ஒத்திகை. மடையன், கார் ஏற்றுகிற அந்த ஃபெரியெல்லாம் 2020 கடைசியோடு நின்றுவிட்டதே! 2023-இல் வந்தது ஏசி போட்டது, பத்தே நிமிஷம். நான் தொண்டையைச் செருமி “அப்பா போனப்புறம் நான்...” என்பதற்குள் அக்கரை வந்துவிட்டது.

இறங்கியதும் அவள் நின்றாள். “மாமாவுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊட்டினது நான். போனது உங்க அப்பா மட்டுமா? உங்ககிட்ட உக்காந்து அழக்கூட விடலையே.”

எனக்கு அது உறைத்ததே இல்லையடா. துக்கம் முழுவதும் என் சொத்து மாதிரி வைத்திருந்தேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட இதற்கு உதவவில்லை. “தப்புதான்” என்றேன்.

“ம்” என்றாள். என் ‘ம்’தான், அப்படியே.

லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டோம், குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். திரும்பும் ஃபெரியில் ஆரம்பித்தாள் பார், பத்து நிமிஷமும் திட்டு, ரயில் ஏறியும் நிற்கவில்லை, ஈப்போ வரைக்கும் திட்டினாள். நான் போனை எடுக்கவே இல்லை.

மன்னித்துவிட்டாளா, தெரியவில்லை. நேற்று மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. “நீங்க லீவு போடணும்னு இல்ல” என்றாள். போட்டேன்.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு வா. இதெல்லாம் தெரிந்த மாதிரி அவளிடம் காட்டிக்கொள்ளாதே, உனக்குத்தான் எதையும் மறைக்கத் தெரியாது.