கேஸ் ஜெனரேட்டரா, பெட்ரோல் ஜெனரேட்டரா? கொடை நடத்துவோரும் குடில் போடுவோரும் கவனிக்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போடுகிறவர்கள், உவரி கடற்கரையில் திருவிழாவுக்குத் தங்குகிறவர்கள், ஊர்க் கொடைக்கு (கோயில் விழாவுக்கு) மைக் செட் கட்டுகிறவர்கள் எல்லாரும் இப்போது கையில் தூக்கிப்போகும் சிறிய ஜெனரேட்டரைத் தேடுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தென்மாவட்ட வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்கென்று வாங்கி வைத்தவர்களும் உண்டு. பெட்ரோலில் ஓடுவதை வாங்குவதா, சிலிண்டர் கேஸில் (எல்பிஜி) ஓடுவதை வாங்குவதா என்று கேட்டால், எது மலிவு என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அந்த ஜெனரேட்டர் செட் வருடத்தில் எத்தனை மாதம் சும்மா கிடக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆடியில் ஓடிய பெட்ரோல் செட் கார்த்திகை மழையில் கிளம்பாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. டேங்கிலும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு கிண்ணத்திலும் (ஃப்ளோட் பவுல்) நின்றுபோன பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசினாகப் படிந்து, பெட்ரோல் போகும் சிறு துளையான பைலட் ஜெட்டை அடைத்துவிடும். அந்த ஓட்டை ஊசிமுனை அளவுதான். போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓரளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குக் குழாய் போவதும் அந்த அடியிலிருந்துதான். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம்.

இதைத் தவிர்ப்பது எளிது. வேலை முடிந்ததும் இன்ஜினை ஸ்விட்சில் நிறுத்தாமல், டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் வால்வை (காக்) மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு ஃப்ளோட் பவுலின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தை ஒரு டப்பாவில் பிடித்துவிட வேண்டும். டேங்கிலிருப்பதை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காமல் பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம். இவ்வளவுதான் வேலை. ஆனால் கொடை முடிந்த அலுப்பில் இதைச் செய்கிறவர்கள் குறைவு.

கேஸ் செட்டில் இந்தத் தொல்லை இல்லை. சிலிண்டரில் இருக்கும் கேஸ் வருடக்கணக்கில் கெடாது, கார்புரேட்டரில் பிசினும் படியாது. இன்ஜின் ஆயிலும் சீக்கிரம் கறுக்காது. கோயில் கமிட்டி, சமுதாயக்கூடம், வீடு என்று ஒரே இடத்தில் இருந்து, எப்போதாவது மட்டும் ஓடும் செட்டுக்கு கேஸ்தான் சரி என்பது எங்கள் கருத்து.

தூக்கிக்கொண்டு போவதென்றால் கணக்கு மாறும். ஒரு கிலோ கேஸில் இருக்கும் சக்தி ஏறத்தாழ 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 5 கிலோ சிலிண்டர் என்றால் 7 லிட்டர் பெட்ரோல், 19 கிலோ நீலச் சிலிண்டர் என்றால் 27 லிட்டர் அளவு. அந்த 7 லிட்டர் பெட்ரோலின் எடை 5 கிலோவுக்குச் சற்று மேல். 5 கிலோ கேஸோ இரும்புச் சிலிண்டரோடு சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். 19 கிலோ சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஒரு ஆள் கஷ்டப்பட்டுத்தான் நகர்த்த முடியும். ஆற்றைத் தாண்டிக் குடிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு 2 கேவிஏ திறனுள்ள பெட்ரோல் இன்வெர்ட்டர் செட்டே (மின்சாரத்தை மின்னணு முறையில் சீராக்கித் தரும் சிறிய ஜெனரேட்டர்) வசதி. விலையை ஒப்பிடவும் இதே 1.4 போதும். ஒரு கிலோ கேஸ் உங்களுக்கு என்ன விலைக்கு வருகிறதோ அதை 1.4-ஆல் வகுத்துப் பெட்ரோல் விலையோடு வைத்துப் பாருங்கள். மானிய விலை வீட்டுச் சிலிண்டரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஒரு இரவுக்கு எவ்வளவு வேண்டும்? 20 வாட் எல்இடி டியூப் பத்து, இரண்டு ஃபேன், வில்லுப்பாட்டுக்கு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர், செல்போன் சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து 700 வாட்டுக்குள் அடங்கும். சாயங்காலம் 7 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை ஓடினால் 7 யூனிட். சிறிய செட்கள் பாதி லோடில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 1.4 யூனிட்டும், ஒரு கிலோ கேஸுக்கு 2 யூனிட்டும் தரும். அப்படியானால் 5 லிட்டர் பெட்ரோல், அல்லது மூன்றரை கிலோ கேஸ். இன்வெர்ட்டர் செட்டின் டேங்க் பெரும்பாலும் நான்கு லிட்டருக்குள்தான் பிடிக்கும் என்பதால் சாமக்கொடை (நடுச்சாமப் பூஜை) நேரத்தில் ஒரு தடவை நிறுத்தி நிரப்பியே ஆக வேண்டும். சூடான சைலன்சர்மேல் பெட்ரோல் சிந்தித் தீப்பிடிப்பது அப்போதுதான். நிறுத்தி ஒரு கால் மணி நேரம் ஆறவிட்டு, டார்ச் வெளிச்சத்தில், புனல் வைத்து ஊற்ற வேண்டும். பூஜைக்கு முன்பே நிரப்பிக்கொண்டால் அவசரம் இருக்காது. 5 கிலோ கேஸ் சிலிண்டர் அந்த இரவு முழுவதையும் தாண்டிவிடும்.

கேஸில் ஓடும்போது இன்ஜின் சக்தி பத்து சதவீத அளவு குறையும். பெட்ரோலில் 1600 வாட் தரும் செட் கேஸில் 1450 வாட்டோடு திணறும். லைட்டுக்கும் மைக்குக்கும் இது தெரியாது. தண்ணீர் மோட்டார் போட்டால் தெரியும். அரை ஹெச்பி மோட்டார் ஓடும்போது இழுப்பதைப்போல் மூன்று நான்கு மடங்கு கிளம்பும் நொடியில் கேட்கும்.

இனி, எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயம். பெட்ரோல் செட்டை கேஸுக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லி, ஏர் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போட்டு, அடுப்பு ரெகுலேட்டரிலிருந்து வரும் ட்யூபை நேரே அதில் சொருகி, நடுவில் கையால் திருப்பும் ஒரு வால்வு (ball valve) வைத்து விடுகிறார்கள். செட் ஓடத்தான் செய்யும். ஆனால் லோடு ஏறி இன்ஜின் அணைந்துவிட்டால் கேஸ் நிற்காது, வந்துகொண்டே இருக்கும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். கோயில் முன் வரிசையாகப் பொங்கல் அடுப்பு எரியும் இடத்தில் இதன் அர்த்தம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

கேஸுக்கு மாற்றும் முறையான கிட்டில் டிமாண்ட் ரெகுலேட்டர் என்று ஒன்று இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்). இன்ஜின் உறிஞ்சினால்தான் திறக்கும், இன்ஜின் நின்றால் மூடிக்கொள்ளும். இது இல்லாத கிட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். இதை இன்ஜின் பாடியில் பொருத்தினால் அதிர்வில் டயாஃப்ரம் துடித்து, செட் ஏறி இறங்கி ஓடும். பிரேமில் ரப்பர் வைத்து, தயாரிப்பாளர் சொன்னபடி நிமிர்த்திப் பொருத்த வேண்டும். நம் சிலிண்டரில் வருவது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. அதில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் வந்து டயாஃப்ரத்தில் ஒட்டும். எனவே வருடத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைப்பது நல்லது. வெளிநாட்டு வீடியோவில் புரோப்பேன் பாட்டில் என்று காட்டுவது வேறு. அந்த ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வால்வில் உட்காராது. வளையம் சுற்றி ஒப்பேற்ற முயல வேண்டாம்.

ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபும் கிளிப்பும் போட்டு, சிலிண்டர் வால்வைத் திறந்ததும் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டிலும் ஓடும் செட் என்றால், பெட்ரோல் வால்வை மூடி ஃப்ளோட் பவுல் காலியான பிறகே கேஸைத் திறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து போனால் கறுப்புப் புகை கக்கி பிளக் நனைந்துவிடும். கேஸில் கிளப்பும்போது முதலில் கொஞ்சம் கேஸை உள்ளே விடும் பிரைமர் பட்டனை ஒன்றிரண்டு நொடி அழுத்தினால் போதும். பிறகு சோக், பிறகு கயிறு. நிறுத்தும்போது சிலிண்டர் வால்வை முதலில் மூடி, ட்யூபில் இருப்பது எரிந்து தீரட்டும். கேஸ் செட்டில் இன்ஜின் வால்வு உட்காரும் இடம் (வால்வு சீட்) சீக்கிரம் தேயும். ஆகவே வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள டேப்பட் இடைவெளியைப் பெட்ரோல் செட்டைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். ஆயில் எந்த எரிபொருளாக இருந்தாலும் முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றலாம்.

சாரல் நேரத்து இரவில் முழு லோடு போட்டால் 5 கிலோ சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, பிறகு பனி படியும். திரவம் ஆவியாகச் சூடு வேண்டும். சிறிய சிலிண்டருக்கு அந்தச் சூட்டை வெளிக்காற்றிலிருந்து இழுக்கப் பரப்பு போதாது. அழுத்தம் விழுந்து செட் இருமத் தொடங்கும். லோடைக் குறைப்பதும், பெரிய சிலிண்டர் வைப்பதும்தான் வழி. வெந்நீர் ஊற்றுவதோ, அடுப்புப் பக்கம் நகர்த்துவதோ, சிலிண்டரைப் படுக்கவைப்பதோ கூடாது. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. சமையலுக்கென்று தரும் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரை ஜெனரேட்டருக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி விநியோகக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். மாட்டினால் இணைப்பும் போகும், வழக்கும் வரும். ஏஜென்சியிலும் சில பங்க்குகளிலும் அடையாள அட்டை காட்டினால் சந்தை விலையில் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. கமிட்டிகளுக்கு 19 கிலோ இருக்கிறது. பெட்ரோலைப் பொறுத்தவரை, விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இறுக மூடிய உலோகக் கேனில். தண்ணீர் கேனில் தரமாட்டோம் என்று பங்க்காரர் சொன்னால் சண்டை போட வேண்டாம். பஸ்ஸிலும் ரயிலிலும் இரண்டையும் கொண்டுபோக முடியாது. காரையாறு கோயில் இருக்கும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஜெனரேட்டருக்கு அனுமதி உண்டா என்பதை வண்டி ஏற்றுவதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேஸில் ஓடினால் புகை வராது, குடிலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் புகை குறைவுதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேஸ் செட்டிலிருந்தும் அது வரும். மழைக்கு ஒதுங்க ஜெனரேட்டரைத் தார்ப்பாய்க்குள் இழுத்து, அதே தார்ப்பாயின் கீழ் பிள்ளைகளைத் தூங்கவைத்தால் காலையில் எழமாட்டார்கள். குறைந்தது 20 அடி தள்ளி, காற்று குடிலிலிருந்து செட் பக்கம் வீசும் திசையில், சைலன்சர் வெளியே பார்க்க வைக்க வேண்டும். மேலே கூரை போடலாம், பக்கவாட்டில் தட்டி கட்டக்கூடாது. ஆற்றுமணலில் வைக்கும்போது கீழே ஒரு பலகை போட்டு மட்டம் பாருங்கள். செட் சாய்ந்திருந்தால் ஆயில் சரியாக இருந்தாலும் ஆயில் சென்சார் இன்ஜினைக் கிளம்பவிடாது. பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, பிளக் கெட்டது என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
சிறிய ஜெனரேட்டர் பழுதுபார்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை.